புருவத்தால் நடந்த கூட்டம்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. எழுந்ததும் மோட்டார் போட்டேன். பாலை அடுப்பில் வைத்தேன். அது பொங்குவதற்குள் மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கினேன். எனக்குத் தயிர் சாதம், கணவருக்கு எலுமிச்சை சாதம் கட்டினேன். செவ்வாய்க்கிழமை என்றால் குன்றத்தூரில் முருகன் கோயில் மலையடிவாரம் முழுவதும் கூட்டம் நிற்கும் என்பதால் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது கணவர் கேட்டார்: "இன்னிக்காவது யாருக்காவது பதில் சொல்லுவியா, இல்ல கேள்வி மட்டும்தானா?"

இருபது வருடம் தொழிற்சாலைகளில் மனிதவளப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மேலாளர்களுக்குக் கோச்சிங் தருகிறேன். இதில் முதல் விதியே ஆலோசனை சொல்லக் கூடாது என்பதுதான். கேள்வி கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், எதிரில் இருப்பவர் தன் பதிலைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். பதில் சொல்லாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான்தான் என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

அன்று நான் போனது ஒரகடத்தில் கார் சீட்டுகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஆலைக்கு. அங்கே ஓர் உற்பத்தி மேலாளர். என் தொழிலில் பெயர் வெளியே போகக் கூடாது, ஆகவே மேலாளர் என்றே எழுதுகிறேன். கெட்டிக்காரர். உற்பத்தி லைனில் எந்தத் திருகு எந்தப் பக்கம் தளர்ந்திருக்கும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அதுதான் சிக்கல். அவர் சொல்லாமல் அங்கே எதுவும் அசையாது. மின்சாரக் கார்களுக்கான புது லைன் பக்கத்து ஷெட்டில் வரப்போகிறது. அதை நடத்த வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. ஆலைத் தலைவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "உன் பழைய லைன் நீ இல்லாம ஓடணும். இல்லைன்னா புது லைனுக்கு வெளியிலேருந்து ஆள் எடுத்துப்பேன்."

பழைய லைனை ஏற்க வேண்டியவர் அவருடைய உதவி மேலாளர். படப்பை பக்கத்துப் பையன், முப்பது வயதிருக்கும். தினமும் ஷிஃப்ட் தொடங்கியதும் லைன் ஓரத்தில் பலகைக்கு முன்னால் எல்லோரும் நின்றபடியே ஒரு கூட்டம் நடக்கும். அதை இனி உதவி மேலாளர் நடத்துவார், மேலாளர் வாயைத் திறக்காமல் ஓரமாக நிற்பார். இது அவரே எங்கள் சந்திப்பில் எடுத்த முடிவு.

முதல் முயற்சி போன வாரம் நடந்தது. நான் விசிட்டர் சட்டை போட்டுக் கையில் பேனாவோடு நின்றதைப் பார்த்து, வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அத்தனை பேரும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குள் பள்ளிக்கூட வரிசை போல நின்றார்கள். உதவி மேலாளர் ஆரம்பித்தார்.

"நைட்டு ஷிஃப்ட்ல பெயின்ட்டு சரியா புடிக்கல. அதெல்லாம் ரீவொர்க்குக்கு அனுப்பிடலாம்னு..."

மேலாளரின் இடது புருவம் மேலே போயிற்று.

"...அனுப்பாம, தனியா எடுத்து வெக்கலாம்னு..."

புருவம் இறங்கியது.

"தனியா எடுத்து வெச்சிடலாம்."

கூட்டம் முழுக்க இப்படித்தான். இருபது பேரின் கண்ணும் பலகையில் இல்லை, அந்தப் புருவத்தில் இருந்தது. என் பக்கத்தில் நின்ற லைன் லீடர் பெண், சேரப்பணஞ்சேரிக்காரி, என் காதில் கேட்டாள்: "இன்னா மேடம், சாருக்குப் பல்லு வலியா? நேத்துகூட நல்லாத்தான் கத்திகினு இருந்தாரு."

கூட்டம் முடிந்ததும் மேலாளர் பெருமையாக வந்தார். "ஒரு வார்த்தை பேசினேனா மேடம்?"

"இல்ல சார். அவரு முடிவை மாத்தினாரே, அப்ப எதைப் பார்த்துக்கிட்டிருந்தாரு?"

யோசித்தார். கை மெல்ல மேலே போய்ப் புருவத்தைத் தொட்டது.

அடுத்த முறை தயாராக வந்தார். கொரோனா காலத்து முகக்கவசம், வெல்டிங் பக்கத்துக் கறுப்புக் கண்ணாடி, நெற்றியை மூடும் தொப்பி. முகம் என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை. "சாருக்கு ஜுரம், தள்ளி நில்லுங்கடி" என்று லைன் லீடர் தன் பெண்களை நகர்த்தினாள். இந்த முறை எல்லோரும் அவர் பாதுகாப்புக் காலணியைப் படித்தார்கள். அது தரையைத் தட்ட ஆரம்பித்ததும் உதவி மேலாளர் மீதிப் பாதியை விழுங்கிவிட்டுக் கூட்டத்தை முடித்தார். பேருந்துக்கு ஓடுகிறவர்களைப் போல எல்லோரும் கலைந்தார்கள்.

அன்று மேலாளர் மிகவும் சோர்ந்துபோனார். "நான் இன்னாதான் மேடம் செய்யட்டும்? மூஞ்சிய மூடினா கால் பேசுது. காலைக் கட்டினா காது பேசும்போல கீது. பேசாம அங்க இல்லாமலே இருந்துட்டா?"

நான் எதுவும் சொல்லவில்லை. சத்தியமாக.

"அதான் சரின்றீங்க" என்றார்.

"நான் எங்க சார் சொன்னேன்?"

"உங்க புருவம் ஏறிச்சு மேடம்."

ஏறித்தான் இருந்தது. எத்தனை சான்றிதழ் வாங்கியிருக்கிறேன்! புருவத்துக்கு எங்கும் பயிற்சி கொடுக்கவில்லை.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை, கூட்டம் ஆரம்பிக்கும் நேரத்தில் நானும் அவரும் கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். பொங்கல், வடை, டீ. லைனுக்கு முதுகைக் காட்டி உட்காருவது அவருடைய ஏற்பாடு. என் முகத்தை அவர் படிக்காமல் இருக்க, டீ டம்ளரை மூக்குவரை தூக்கிப் பிடித்திருந்தது என்னுடைய ஏற்பாடு.

வடையைப் பிட்டிருப்பார், பாட்டு கேட்டது. அந்த ஆலையில் லைன் நின்றால் சிவப்பு விளக்கு எரிந்து ஒரு மெட்டு ஒலிக்கும். லைனுக்கு லைன் வேறு மெட்டு. இது தெருவில் ஐஸ் வண்டி வருகிற மாதிரி உற்சாகமான மெட்டு.

"நம்ம லைனு" என்றார். கையிலிருந்த வடைத் துண்டு அப்படியே நின்றது.

அந்த ஆலையில் லைன் நிற்பது என்றால் வீட்டில் கல்யாணத்தன்று அடுப்பு அணைவது போல. அவர் எழுந்தார். உட்காருங்கள் என்ற சொல் என் தொண்டைவரை வந்தது. அதை டீயோடு உள்ளே அனுப்பினேன். அவர் போய்விட்டார். நானும் விசிட்டர் சட்டையின் கொக்கியைப் போட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன்.

ஷெட் வாசலிலேயே உதவி மேலாளர் எதிரில் வந்தார். மேலாளர் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"சார், லைன நான்தான் நிறுத்தினேன். பெயின்ட்டு அடிக்க ஃப்ரேம் மாட்டற கொக்கியிலெல்லாம் பழைய பெயின்ட்டு கெட்டியா ஒட்டிகினு கீது. அதோட ஓட்டினா பெயின்ட்டு புடிக்காது, ரிஜெக்ட்டுதான் ஏறும். கொக்கிய மாத்திகினு கீறோம்."

அவருக்குப் பின்னாலிருந்து லைன் லீடரின் குரல் வந்தது: "நானும்தான் சார் நிறுத்தச் சொன்னேன். திட்டறதுன்னா ரெண்டு பேரையும் சேர்த்து ஒரே தபா திட்டிடுங்க. வேலை கீது."

மேலாளரின் வாய் திறந்திருந்தது. கொக்கியை டீ இடைவேளையில் மாற்றியிருக்கலாமே என்பது அதற்குள் நின்றிருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். வெளியே வந்தது வேறு.

"எப்போ ஓடும்?"

"டீ டைமுக்குள்ள சார்."

"சரி."

திரும்பினார். இரண்டு அடி வைப்பதற்குள் அவர் கைப்பேசி அடித்தது. ஆலைத் தலைவர். அவருக்குக் கைப்பேசியில் பேசினாலும் மைக்கில் பேசும் குரல் என்பதால் எனக்கும் கேட்டது. "ஏன்யா நிக்குது? யார் நிறுத்தினது?"

இத்தனை வருடமும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: நான்தான் சார், இதோ ஓட்டிடறேன். ஆளைக் காப்பாற்றியது போலவும் ஆகும், தன்னை விட்டால் ஆள் இல்லை என்று காட்டியது போலவும் ஆகும். அந்தப் பதிலின் முதல் எழுத்துக்கு அவர் உதடு தயாரானதை நான் பார்த்தேன்.

"லைன் இப்போ அவரு பொறுப்பு சார்" என்றார். "அவருகிட்டயே கேட்டுக்கங்க." கைப்பேசியை உதவி மேலாளரிடம் நீட்டினார்.

அந்தப் பையன் அதை எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த பண்டம் போல விரல்நுனியில் வாங்கினான். "ஆமா சார்... கொக்கிதான் சார்... இல்ல சார், சாரைக் கேக்கல. நானாத்தான்." கொஞ்ச நேரம் வெறும் தலையாட்டல். பிறகு கைப்பேசி திரும்பி வந்தது. "உங்ககிட்ட பேசணுமாம் சார்."

இந்த முறை அந்தப் பக்கத்துக் குரல் தணிந்திருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. மேலாளர்தான் சொன்னார். "நாளைலேர்ந்து காலையில புது ஷெட்டுக்கு வந்துடுன்றாரு மேடம்." சொல்லிவிட்டுக் கேன்டீனுக்குப் போய், ஆறிப்போன பொங்கலை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

லைன் டீ நேரம் தாண்டித்தான் ஓடியது. ரிஜெக்ட் ஆகும் சட்டங்கள் குறைந்தன, அடியோடு நின்றுவிடவில்லை. அன்றைய இலக்கு எட்டாததால் மாலையில் சரக்கை அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவு உதவி மேலாளரை நன்றாக வறுத்தது. மேலாளர் அதையும் கேட்டுக்கொண்டு, சிரமப்பட்டு, தன் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

கேட்டில் விசிட்டர் சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னைப் பிடித்தார். "நான் வாசல்ல கேட்டது கேள்விதானே மேடம்?"

"கேள்விதான் சார்."

"அப்போ உங்க வேலை எனக்கும் வரும்போல. உங்களுக்கு இன்னா குடுக்கறாங்க?"

"உங்க ஹெச்.ஆரைக் கேளுங்க சார்."

ஜூலை 10, புதன்கிழமை. பாலைக்கூட அடுப்பில் வைக்கவில்லை, கைப்பேசி அடித்தது. மேலாளர்.

"மேடம், புது ஷெட்டு கதவு தொறக்க மாட்டேங்குது. என் கார்டு பழைய ஷெட்டுக்கு மட்டும்தானாம். செக்யூரிட்டி உள்ள விட மாட்டேன்றாரு. பழைய லைன்ல அவன் மீட்டிங் ஆரம்பிச்சிருப்பான். வேற கார்டு வர்ற வரைக்கும் அங்க போய் சும்மா நின்னுகினு இருக்கட்டுமா?"

"கார்டு எங்க சார் போடுவாங்க?"

"டைம் ஆபீஸ்ல."

"அது எந்தப் பக்கம்?"

லாரி ஒன்று போகும் சத்தம். பிறகு தார்ச்சாலையில் காலணிச் சத்தம், ஒரு கண்ணாடிக் கதவு, மின்விசிறி. கைப்பேசியை அணைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. அவர் வேறு யாரிடமோ பேசுவது கேட்டது.

"புது ஷெட்டுக்கு கார்டு போடணும்ப்பா. ரெண்டுக்கும் சேர்த்தா? வேணாம், புதுசுக்கு மட்டும் போடு. இந்தா, பழசை வாங்கி வெச்சிக்கோ."