சொத்தையே இல்லாத பல்

ஃபேர்லேண்ட்ஸ் பல் மருத்துவமனையில் கிராம்பு எண்ணெய் வாசம் அடித்ததும், நாமக்கல்லில் அப்பா பெயிண்ட் அடித்த லாரி பாடி பட்டறை நினைவுக்கு வந்தது. பட்டறை இன்று இல்லை. அங்கே தண்ணீர்த் தொட்டியடியில் அப்பா வாய் கொப்பளித்தால் தண்ணீர் சிவக்கும். "சூடு சாமி" என்பார், ஈறில் கிராம்பு எண்ணெய் தடவுவார், மோர் குடிப்பார், ரத்தம் வருகிற பக்கம் துலக்குவதையே விட்டுவிட்டார். ஆடி விழுந்த பல்லைத் துடைத்து, "சொத்தையே இல்லீங்க, பாருங்க" என்று பட்டறை முழுக்கக் காட்டினார்.

என் வாயைப் பார்த்த டாக்டர், "பல்லு நல்லாத்தானுங்க இருக்குது. அழுக்கு அடைஞ்சு ஈறுதான் கெட்டுப்போச்சு. ரத்தம் வந்தாலும் துலக்கோணுங்க. எத்தனை நாளா வருது?" என்றார்.

"மூணு வருசமாங்க. சூடுன்னு மோர் குடிச்சுட்டு இருந்தனுங்க."