பல்கல அங்கி படிப்பிச்ச காலம்

விஞ்ஞானம் படிப்பிக்கிறதெண்டால், கண்ணாலை காணாததைத் தொண்டை கிழியக் கத்தி நம்பவைக்கிற வேலை. என்னைப்போலை வெண்கட்டி பிடிச்சுக் கரும்பலகையிலை எழுதின வாத்திமார் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அறுபதுகளிலை நான் உடையார்கட்டுப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனபோது தமிழிலை விஞ்ஞான வகுப்பு அப்பதான் தொடங்கியிருந்தது. கல்விக் கந்தோரிலையிருந்து பரிசோதகர் வந்து பார்த்துச் சரியெண்டால்தான் வகுப்பு நிலைக்கும். இல்லாட்டி பிள்ளையள் விஞ்ஞானம் படிக்கத் தூர யாழ்ப்பாணம் போகவேணும். பொடியங்கள் போவாங்கள், பொம்பிளைப் பிள்ளையளை ஆர் விடுவினம்?

முதல் பாடம்

"பல கலங்கள் சேர்ந்தது பல்கல அங்கி" எண்டு கரும்பலகையிலை எழுதினன். கலமெண்டால் உயிரின்ரை ஆகச் சின்ன அலகு, இங்கிலீசிலை செல்; அங்கியெண்டால் உயிருள்ள சீவன். அவ்வளவு வடிவாய் எழுதியிருந்தன், எனக்கே பெருமை. உடனை எழும்பினாள் தவமணி. குடியேற்றத் திட்டத்திலை வயல் செய்யிற வீட்டுப் பிள்ளை, வாய் சும்மா கிடவாது.

"சேர், அப்ப எங்கடை முத்தத்து நெல்லுக் குவியலும் பல்கல அங்கியோ?"

கோழிக்கறி

எனக்கு வந்த கோவத்துக்கு! ஆனா கேள்வி நியாயமானது. அடுத்த நாள் திருத்திச் சொன்னன்: குவியலிலை ஒரு நெல்லை எடுத்தால் அது தன்பாட்டிலை முளைக்கும். உடம்பிலை ஒரு கலத்தைப் பிரிச்சால் அது பிழைக்காது. வேலையைப் பங்குபோட்டு, ஒண்டையொண்டு நம்பிச் சீவிக்கிறதுதான் பல்கல அங்கி.

தவமணி அதை வீட்டை கொண்டுபோய்விட்டாள். ஞாயிறு பின்னேரம் தகப்பன் சைக்கிளிலை வந்து இறங்கினார், மூஞ்சை சரியில்லை.

"மாஸ்டர், ஈரலுக்கு என்ன வேலை, இரைப்பைக்கு என்ன வேலை எண்டு சொன்னால்தான் கோழியைச் சட்டியிலை போட விடுவாளாம். நாங்கள் எப்ப சாப்பிடுறது?"

பரிசோதகர் வந்தார்

மனிசன் சிரிக்கமாட்டார். குளத்திலை அள்ளின பாசியை ஒரு போத்திலிலை கொண்டுவந்து தவமணிக்கு முன்னாலை வைச்சு, "இது பல்கல அங்கியோ, இல்லையோ?" எண்டார். பாசியிலை ஒத்தைக் கலத்ததும் இருக்கு, பல கலத்ததும் இருக்கு. ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும் குருட்டுவாக்குத்தான், வகுப்பே போயிடும்.

அவள் போத்திலை வெளிச்சத்திலை பிடிச்சுப் பார்த்தாள். "வெறுங்கண்ணாலை பார்த்துச் சொல்லேலாது, சேர். நுணுக்குக்காட்டி வேணும். எங்கடை பள்ளிக்கூடத்திலை ஒண்டும் இல்லை. நீங்கள் தாங்கோ, பார்த்துச் சொல்லுறன்."

பரிசோதகர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், வகுப்பு நடக்கட்டும். பிள்ளை கேட்ட சாமானை நான் அனுப்புறன்."

நுணுக்குக்காட்டி வந்து சேர்ந்தது தவமணி சோதினை எழுதிப் போன பிறகுதான், எண்டாலும் அதைக் கேட்டு வாங்கினது என்ரை வகுப்புப் பிள்ளையெண்டு கேட்டவைக்கும் கேளாதவைக்கும் இண்டைக்கும் சொல்லிக்கொண்டுதான் திரியிறன்.