‘நோயாளி வரவில்லை’ என்று எழுத மறுத்தேன்

பல வருடம் வார்டில் நர்ஸாக இருந்த என்னை அறுவைச் சிகிச்சை ஓ.பி.க்கு மாற்றிய முதல் வாரம் அது. டாக்டர் அறை வாசலில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றார். பெயர் அஞ்சம்மாள். நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊர். கூடை சுமந்து மீன் விற்பவர்.

“எந்திரிங்கம்மா, வழியில உக்காரக் கூடாது” என்றேன்.

“நாலாவது தடவை வர்றேன் சிஸ்டர். ரெண்டு பஸ் மாறி வர்றேன். ரிப்போர்ட் வரல, அடுத்த வாரம் வாங்கங்கிறாங்க. மாருல இருக்கிற கட்டி அடுத்த வாரம் வரைக்கும் வளராம இருக்குமா?”

அவருடைய சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். முதலில் காட்டிய இடத்தில், வலி இல்லையே என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் மேமோகிராம் மெஷின் ரிப்பேர். எங்களிடம் வந்தபோது ஊசியால் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறோம். அது நடந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

நானே லேபுக்குப் போனேன். டெக்னீஷியன் அலமாரியில் தேடி சதைத் துண்டு போட்டு வைத்த ஒரு சின்ன பார்மலின் பாட்டிலை எடுத்தார். மேலே அஞ்சம்மாளின் பெயர்.

“ஃபார்ம்ல டாக்டர் கையெழுத்து இல்ல சிஸ்டர். அதான் ஓரமா வெச்சிட்டோம்.”

“எங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

“நீங்களும் கேக்கலையே” என்றார்.

ஃபார்மைக் கொண்டுவந்து டாக்டரிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரெஜிஸ்டர்ல ‘நோயாளி வரவில்லை’ன்னு போட்டுடுங்க சிஸ்டர். நாளைக்கு யாராச்சும் கேட்டா நமக்குத்தான் தொல்லை” என்றார்.

“வந்தாங்க சார். நாலு தடவை வந்திருக்காங்க. சீட்டுல தேதி இருக்கு.”

“சொன்னதை எழுதுங்க.”

எனக்கு ஓய்வு பெற நான்கே வருடம் இருந்தது. நடவடிக்கை ஏதாவது வந்தால் பென்ஷன் கோப்பு எங்கே நிற்கும் என்று தெரியும். ஆனாலும் எழுதினேன்: ‘நோயாளி நான்கு முறை வந்தார். படிவத்தில் மருத்துவர் கையெழுத்து இல்லாததால் பரிசோதனை நடக்கவில்லை.’ கீழே என் பெயரையும் போட்டேன்.

இரண்டே நாளில் விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அஞ்சம்மாளின் சீட்டுகளை ஜெராக்ஸ் எடுத்துப் பதிலோடு இணைத்தேன். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வாரமே ரிப்போர்ட்டும் வந்தது. புற்றுநோய். அஞ்சம்மாளிடம் சொன்னோம். “ஆபரேஷன் எப்ப? அதச் சொல்லுங்க” என்றார்.

அதே டாக்டர்தான் ஆபரேஷன் செய்தார். நன்றாகவே செய்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நோய் அக்குள் வரை போயிருந்தது. “ஆறு வாரம் முந்தியே பாத்திருந்தா பரவியிருக்காதா சார்?” என்று அஞ்சம்மாள் கேட்டார். “சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டர். உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுக்க அவர் சுமக்கும்படி செய்தது நாங்கள்.

கீமோ முடிந்து தலைமுடி திரும்ப வளர்ந்தது. அக்குளில் ஆபரேஷன் செய்த பக்கம் கை வீங்கியதால் கூடை தூக்க முடியவில்லை. மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றார். ஒருநாள் தன் தெருப் பெண்கள் மூவரை எங்கள் ஓ.பி.க்கு அழைத்து வந்துவிட்டார். வரிசையில் நின்று அவர்களுக்குப் பாடம் வேறு: “ரிப்போர்ட் வரலன்னு சொன்னா சரின்னு திரும்பிடாதீங்கடி. எங்க நிக்குதுன்னு கேளுங்க.”

அதற்குப் பிறகு நான் ஒரு நோட்டு போட்டேன். அனுப்பும் ஒவ்வொரு பாட்டிலையும் அதில் எழுதி, மூன்றாம் நாள் லேபுக்கு நானே போன் செய்தேன். “இது உங்க வேலை இல்லையே” என்றவர்கள் உண்டு.

புதிதாக வேலைக்கு வரும் சிஸ்டர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளி சண்டை போட்ட பிறகுதான் தேடுவது என்று இருக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி எழுதியதற்கே நான் மேலும் மூன்று வாங்கினேன். ஒன்றுக்குக்கூட மன்னிப்பு எழுதிக் கொடுக்கவில்லை.