வெளிவராத முதல் பக்கம்

1. கூமாப்பட்டிப் பக்கம் ஒரு காலை

ஒரு தினசரிக்கு நான் ராஜபாளையம் போட்டோகிராபர். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக, என்னுடைய ஆகச் சிறந்த படத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

கூமாப்பட்டிப் பக்கம் ஒரு மாதா கோயில். மறுநாள் திருவிழாக் கொடியேற்றம். விடிந்து போனபோது மலையிலிருந்து பனி இறங்கி வயலையும் தென்னைகளையும் மூடியிருந்தது. கோயிலின் அடிப்பாகம் தெரியவில்லை. வெள்ளைக் கோபுரம் மட்டும் எதன் மேலும் நிற்காமல் மிதந்தது. அதன் பக்கத்தில் கயிற்றுப் பலகையில் ஒருவர் உட்கார்ந்து பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். கயிறும் பனியில் கரைந்திருந்தது. வெறும் காற்றில் உட்கார்ந்து மேகத்துக்கு வெள்ளை பூசுகிறவர் போலிருந்தார். டெலி லென்ஸைப் போட்டேன். அவர் திரும்பிச் சிரித்தார். பதினோரு பிரேம். அதற்குள் வெயில் வந்து எல்லாவற்றையும் சாதாரணமாக்கிவிட்டது.

இறங்கி வந்தவரிடம், "கேப்சனுக்குப் பேர் வேணும் அண்ணாச்சி" என்றேன்.

"சுதன்."

"எந்த ஊரு?"

செத்த நேரம் தயங்கினார். "முகாம்ணே. இலங்கைக்காரங்க முகாம்."

பேச்சு அச்சு அசல் நம் பக்கத்துப் பேச்சு. போர்க்காலத்தில் நாலு வயதில் படகில் வந்தவராம். தயக்கத்தை நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

2. ஆறு மணி

மதுரை டெஸ்கிலிருந்து எடிட்டர் போன் செய்தார். "யோவ் ஜெபராஜ், என்னய்யா இது, கனவு மாதிரி இருக்கு! முதல் பக்கம். நாலு காலம் அகலத்துக்கு."

இருபத்திரண்டு வருடம் இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவன் நான்.

போனை வைத்தேன். என் ஸ்டூடியோ வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு.

"அண்ணை, காலமை கோயில்ல படம் எடுத்தது நீங்கள்தானே? நான் சுதன்ர மனிசி, நிரோஷா. அந்தப் படத்தைப் போட்டிடாதேங்கோ."

இன்று முகாமில் செக்கிங்காம். குடும்பத்தில் எல்லோரும் அதிகாரி முன்னால் நிற்க வேண்டிய நாள். மழையால் இரண்டு நாள் வேலை கெட்டுவிட்டது. இன்று வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாக மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"அவர் காய்ச்சலில ஆஸ்பத்திரியில எண்டு நான்தான் பொய் சொன்னனான். பேப்பரில முகம் வந்தா முகாம் பதிவில பேரை வெட்டிப்போடுவினம். திரும்பச் சேர்க்க எத்தினை மாதம் அலையோணும் தெரியுமே? அந்தப் பதிவை விட்டா எங்களிட்ட வேற என்ன பேப்பர் இருக்கு, அண்ணை?"

மறைக்காமல் சொல்கிறேன். 'அச்சுக்குப் போயிருச்சும்மா, என் கையில இல்ல' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவரோ அழவில்லை. என் பதிலுக்காக நின்றார், அவ்வளவுதான்.

எடிட்டரைக் கூப்பிட்டேன். "சார், அந்தப் படம் வேண்டாம்" என்று காரணத்தைச் சொன்னேன்.

"பேரை எடுத்துடறேன்யா. ஆளு யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

"முகம் தெளிவா இருக்கு சார். அவிய பொழப்பே போயிரும்."

"பேஜ் முடிச்சாச்சு! இப்ப அந்த இடத்துல என்னத்த வைக்கிறது?"

சீரியல் பல்பு போட்ட கோயில் படத்தை அனுப்பினேன். அதற்குப் பிறகு நாலு மாதம் அவர் எனக்கு வேலை சொல்லவில்லை.

3. பிரிண்ட்

அடுத்த வாரம் பெரிய சைஸில் ஒரு பிரிண்ட் போட்டு முகாமுக்கு எடுத்துப்போனேன். சுதன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வீட்டுக்குள் அவர் பேச்சு வேறாக, இலங்கைப் பேச்சாக இருந்தது.

"கடலுக்கை இருக்கிற மாதிரிக் கிடக்கு, அண்ணை. வந்தாப் பிறகு நான் கடலே பார்க்கேல்லை. படகில வரேக்கை இப்பிடித்தான் வெள்ளையா, கரை தெரியாமல் கிடந்தது."

நிரோஷா தேநீர் கொண்டுவந்தார். படத்தைப் பார்த்து, "விழுந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து, பேரைக் கேட்கும் முன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: "இது வெளிய வந்தா உங்களுக்கு ஏதும் சங்கடம் உண்டா?" உண்டு என்றால் அழித்துவிடுவேன். பெரும்பாலானவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். தயங்குகிறவர்களுக்காகக் கொஞ்சம் காத்திருக்கப் பழகுங்கள்.

சுதன் ஆணி அடித்துப் படத்தை மாட்டினார். வாசல் கதவுக்குப் பின்னால். கதவைத் திறந்து வைத்தால் மறைந்துவிடும். உள்ளே வந்து சாத்திக்கொண்டால்தான் தெரியும்.