அவர் தலையில் கட்டிய பயம்

என் நோயை என் கணவர் தலையில் கட்டிவிட்டேன். தெரிந்தேதான் செய்தேன். உங்களிடம் சொல்லிவிடுகிறேன்… வீட்டில் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

மகள் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக் கல்லூரிக்குப் போய்வருகிறாள். ஒருநாள் பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடப்போகிறோம் என்று பாதி வழியில் இறங்கிவிட்டாள். பிறகு அடிக்கடி வந்தது. இதயத்தில் கோளாறில்லை, இது பீதி நோய் என்றார் டாக்டரம்மா.

"சில குடும்பங்கள்ல இது வழிவழியா வரும். வந்தே தீரும்னு இல்ல, வாய்ப்பு கொஞ்சம் அதிகம். உங்க வீட்டுல யாருக்காவது இருக்குதா?"

இருந்தது… எனக்கு! கல்யாணத்துக்கு முன்பிருந்தே. மீன் ஏலக் கூட்டத்தில் நிற்கும்போது காரணமே இல்லாமல் வரும். வாயு என்று சொல்லி ஒதுங்கி, ஒரு சோடா குடித்துச் சமாளிப்பேன். ஊரில் எனக்குத் துணிச்சல்காரி என்று பெயர். அந்தப் பெயரை விட மனம் வரவில்லை.

"அவ நைனா பக்கம் இருக்கும் டாக்டர்," என்றேன். "அவரு கொஞ்சம் பயந்த சுபாவம்."

முகத்துவாரத்தில் அலை புரளும்போதும் படகைத் திருப்பாத மனிதர் அவர். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் அங்கே இல்லை, அதனால்தான். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை… சொல்லவே கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் மகள் அவரிடமே கேட்டாள். இல்லை என்று சொல்லிவிடுவார், அகப்பட்டுக்கொள்வேன் என்று நடுங்கினேன். அவரோ வலையை மடியில் போட்டுக்கொண்டு, எப்போதாவது பயந்திருக்கிறோமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தார்.

"ஒருவாட்டி கடல்ல எனக்கும் நெஞ்சு அடிச்சிக்கிச்சும்மா. அதுவாத்தான் இருக்கும். என் ரத்தம்தான் உனக்கு வந்துக்குது. மன்னிச்சுக்க கண்ணு."

அவர் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மருந்து சாப்பிடுகிறாள், இப்போது பரவாயில்லை. ஆனாலும் எப்போதாவது வந்துவிடுகிறது. வந்தால் "நைனா" என்றுதான் கூப்பிடுகிறாள். தன்னைப்போல் பட்டவர் அவர் ஒருவர்தான் என்று நம்புகிறாள். அவரும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்; என்ன சொல்வதென்று தெரியாமல் விழிக்கிறார்.

எனக்குத் தெரியும். சாகமாட்டாய், கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும், மூச்சை மெதுவாக விடு… அத்தனையும் எனக்குத் தெரியும். அடுப்படியிலேயே நின்று, அது அடங்கும்வரை காத்திருக்கிறேன்.