செக்கர் வீட்டுக் கரண்ட் கணக்கு

பேருந்துகளில் டிக்கெட் சோதித்தே தலை நரைத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் ‘செக்கர்’தான். பால் பாக்கெட்டைக்கூட அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவார்.

மாடியில் சோலார் போடலாம் என்று வெளியூர் மகன் சொல்ல, ஒருவனை வரவழைத்தார். அவன் மாடி ஏறாமலே, “அஞ்சு கிலோவாட் போட்டுடலாம் சார்” என்றான். “அளவெடுக்காமலே சட்டை தைக்கிறானே!” என்று வாசலோடு அனுப்பிவிட்டார்.

இரண்டாவதாக வந்தவர் கரண்ட் பில்லைக் கேட்டதும் செக்கருக்குச் சந்தேகம் தட்டியது.

“அது எதுக்கு?”

“எவ்வளவு செலவாகுதுன்னு தெரிஞ்சாத்தானே சார், எவ்வளவு வேணும்னு சொல்ல முடியும்? ஒரு கிலோவாட் போட்டா ஒரு நாளைக்குச் சுமாரா நாலு யூனிட் வரும்.”

பில்லில் மாதம் முந்நூற்று முப்பது யூனிட் இருந்தது.

“வீட்ல என்னென்ன ஓடுது?”

“ரெண்டு ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி, மோட்டார். ஏசி, மகன் வந்தா மட்டும்.”

“அதுக்குப் பாதிகூட ஆகாதே!”

செக்கரின் பார்வை பக்கத்து வீட்டு மதில்மேல் போயிற்று. அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் இவர் மாடியில் விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்காரருக்கும் இவருக்கும் பேச்சு இல்லை.

“நான் அப்பவே நெனச்சேன். கொக்கி போட்டு உறிஞ்சறான்.”

சோலார்காரர் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். கரண்ட் ஓடுவதைக் காட்டி மீட்டரில் மின்னிக்கொண்டிருந்த விளக்கும் நின்றது.

“திருட்டெல்லாம் இல்ல சார். வீட்டுக்குள்ளதான் செலவாகுது.”

அப்படியானால் மீட்டரில் கோளாறு. அதுவும் இல்லையென்றால் இந்த ஆளே பக்கத்து வீட்டுக்காரனின் கையாள். செக்கர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவர ஏன் முறைக்கிறீங்க?” என்றாள் சமையலறை வாசலில் நின்ற மனைவி. “ஏசி நான்தான் போடறேன். நீங்க மத்தியானம் வெளிய போனதும். பக்கத்து வீட்டு அக்காவும் வருவாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“ஃபேன வேகமா வச்சாலே ஓடி வந்து கொறைக்கிற ஆள்கிட்ட என்னத்தச் சொல்றது? வெக்கையில எனக்கு மூச்சு முட்டுதுங்க.”

ஓடுகிற பேருந்தில் திருட்டு முழியை ஒரே பார்வையில் பிடித்தவருக்கு, வீட்டில் வாடிக் கிடந்த முகம் கண்ணில் படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பகல்ல போடறது நல்லதுதான் சார்” என்றார் சோலார்காரர் மெதுவாக. “வெயில் இருக்கும்போதே செலவாயிடும். அம்மாவோட ஏசியும் சேர்த்து மூணு கிலோவாட் போதும். முந்நூறு சதுர அடி வேணும். நிழல் விழற பக்கத்த விட்டுடலாம்.”

விற்கிறவனே ஏன் குறைத்துச் சொல்கிறான்? அந்தச் சந்தேகமும் அவரை விடவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு மாடியைத் தானே அளந்தார். கணக்கு சரியாக இருந்தது.

“மூணே போடுங்க” என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பாமல், “அது வர்ற வரைக்கும் ஏசிய நிறுத்தாத” என்றார்.

அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தார். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் செக்கர் தலையை அசைத்தார். இத்தனை நாள் இல்லாமல் இவர் எதற்கு இப்போது தலையாட்டுகிறார் என்று, அந்த மனிதர் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனார்.