இவர் இன்றும் நலம்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே, செல்போன் கடைக் கண்ணாடிக்குள் விளம்பரப் படத்தில் யாரோ ஒரு குடும்பம் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. எனக்கு எரிச்சலாக வருகிறது. அது எங்கள் நைனாவின் இடம்.

அறுபதுகளில் அங்கே போட்டோ ஸ்டூடியோ இருந்தது. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று ஊரே பயந்த காலம். வல்லத்திலிருந்து சந்தையில் விற்க மல்லாட்டை மூட்டையோடு வந்த நைனாவை ஸ்டூடியோக்காரர் சும்மாவே படமெடுத்து வைத்தார். வருஷம் திரும்பியும் நைனா திடமாக இருக்கவே, படத்தைக் கண்ணாடிக்குள் மாட்டிக் கீழே எழுதினார்: "இவர் இன்றும் நலம். குடும்பத்தோடு வாருங்கள்."

சந்தைக்குப் போகும்போதெல்லாம் நைனா அதன் பக்கத்தில் மீசையைத் தடவிக்கொண்டு நிற்பார். பார்த்தவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு உள்ளே போனார்கள். அம்மா மட்டும் அந்தப் பக்கமே திரும்ப மாட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் பாம்பு கடித்து நைனா இறந்துபோனார். காரியம் முடிந்ததும் ஸ்டூடியோக்காரர் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"இனிமே இத அங்க வைக்க மனசு வரலம்மா."

அம்மா கையை நீட்டவில்லை.

"அங்கயே மாட்டுண்ணா. எழுதனது எழுதனபடியே இருக்கட்டும். அவரு இல்லன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். பஸ்சுல வர்ற வெளியூர்க்காரங்களுக்காவது அவரு நல்லா இருக்கட்டும்."